கருவிலேயே குடியேறிய வைரஸ்: எதிர்ப்பாற்றல் ஏன் தாக்குவதில்லை?

ஒரே வைரஸ், ஒரே இனத்து எலிகள் இரண்டு. ஆறு வார வயதுள்ள எலியின் மூளையில் 0.03 மில்லி வைரஸ் திரவத்தை ஊசியால் செலுத்தினால், ஐந்து நாள் வரை அது வழக்கம்போலத் தின்று திரியும். ஆறாம் நாள் வாக்கில் முடி சிலிர்த்து, முதுகு கூனி, கூண்டு மூலையில் ஒடுங்கும். வாலைப் பிடித்துத் தூக்கி லேசாகச் சுழற்றினால் உடல் வெட்டி இழுக்கும். பின்னங்கால் இரண்டும் விறைத்து நீண்டுவிடும். எட்டாம் நாளுக்குள் பெரும்பாலும் செத்துப்போகும்.

அதே வைரஸை, பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குட்டிக்குப் போட்டால் ஒன்றும் நடக்காது. பால் குடிக்கும், வளரும், பருவம் வந்து குட்டியும் போடும். ஆனால் இரத்தம், சிறுநீர், எச்சில், ஈரல், சிறுநீரகம், மூளை என்று எங்கே தேடினாலும் வைரஸ் இருக்கும். சாகும்வரை இருக்கும். அது போடும் குட்டிகளும் வயிற்றிலிருந்தே வைரஸோடுதான் பிறக்கும்.

எதிர்ப்பாற்றல் முழுதாக வளர்ந்த எலி சாகிறது, ஒன்றும் வளராத பச்சைக் குட்டி பிழைக்கிறது. நாம் பள்ளியில் படித்ததற்கு நேர்மாறாக இருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால், நீலகிரியில் பால் மாடு வைத்திருப்பவருக்குக் கன்று வீச்சு (சினை கலைதல்) ஏன் தொழுவத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது என்பதும், பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலைத் (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியை ஏன் முதல் நாளே போடச் சொல்கிறார்கள் என்பதும் சேர்ந்தே விளங்கும்.

கொல்வது வைரஸ் அல்ல

இந்த வைரஸின் முழுப் பெயர் லிம்போசைட்டிக் கோரியோமெனிஞ்சைட்டிஸ் வைரஸ். சுருக்கமாக எல்.சி.எம். வைரஸ் என்போம். 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அதை ஆராய்ந்த சார்ல்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் குழுவினர் தற்செயலாகக் கண்டெடுத்தது. இயற்கையில் இதன் இருப்பிடம் வீட்டுச் சுண்டெலி. மரபுப்பொருள் இரண்டு ஆர்.என்.ஏ. துண்டுகள், அவற்றிலிருந்து வருவது நான்கே புரதங்கள். இவ்வளவு சிறிய வைரஸ் தடுப்பாற்றல் இயலின் பாதிப் பாடத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இதன் முக்கியமான குணம், தான் புகுந்த செல்லை உடைப்பதில்லை என்பது. போலியோ வைரஸ் செல்லுக்குள் பெருகி, அதைச் சிதைத்துக்கொண்டு வெளியேறும். எல்.சி.எம். அப்படியல்ல. செல் பாட்டுக்கு உயிரோடிருக்கும், வைரஸ் அதன் சவ்விலிருந்து மொட்டு விட்டு வெளியே வந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் பெரிய எலி ஏன் சாகிறது? அதன் எதிர்ப்பாற்றல் படையைச் சேர்ந்த டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள்தான் காரணம். வைரஸ் தொற்றிய செல்லின் மேற்பரப்பில் வைரஸ் புரதத்தின் துணுக்கு ஒன்று வெளியே தெரியும். அதை அடையாளம் கண்டு கொல்லும் டி செல்கள் ஆறேழு நாளில் லட்சக்கணக்கில் பெருகி, தொற்று பரவியிருக்கும் மூளை உறைக்குள் திரள்கின்றன. அங்கே மூளும் அழற்சிதான் வலிப்பையும் சாவையும் கொண்டுவருகிறது. நோய்க்குறி ஆறாம் நாள் வாக்கில் தொடங்குவதன் காரணமும் இதுதான்: டி செல் படை திரள அவ்வளவு நாள் ஆகிறது.

இதை வேறு வழியிலும் சோதித்துவிட்டார்கள். 1950களிலேயே, எலிக்கு முதலில் எக்ஸ் கதிர் பாய்ச்சி அதன் எதிர்ப்பு செல்களை அழித்துவிட்டு வைரஸைக் கொடுத்தால் அது சாகாமல் பிழைத்தது. டி செல்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பி பிறவியிலேயே இல்லாத எலிகளும் அப்படியே. வைரஸ் உடலெங்கும் பெருகும், எலி சாகாது.

தைமஸில் நடப்பது என்ன

டி செல்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில், பக்குவப்படுவது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில். ஒவ்வொரு டி செல்லும் தன் மேற்பரப்பில் ஓர் உணர்வியைத் தாங்கி வருகிறது. அந்த உணர்வி எதைப் பிடிக்கும் என்பது மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப்போட்டு முடிவாவது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடிக்கும் செல்லும் உருவாகும், சொந்த ஈரலையே பிடிக்கும் செல்லும் உருவாகும்.

இரண்டாம் வகையை வெளியே விட்டால் உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும். அதனால் தைமஸ் ஒரு சோதனை வைக்கிறது. அங்கே காட்டப்படும் புரதத் துணுக்குகளில் எதையாவது ஒரு டி செல் இறுகப் பற்றினால், அந்த டி செல் அங்கேயே சாகடிக்கப்படும். தேயிலை ஃபேக்டரியில் சல்லடையின் கண் எவ்வளவோ அதற்கேற்ற தூள்தான் கீழே விழும். எந்தத் தோட்டத்து இலை என்று சல்லடைக்குத் தெரியாது. தைமஸும் அப்படித்தான். இது நம்முடையது, இது வெளியாருடையது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அதற்கு இல்லை. சோதனை நடக்கும் நேரத்தில் அங்கே என்ன இருக்கிறதோ அதெல்லாம் அதற்குச் சொந்தம்.

இப்போது கருவில் வைரஸ் நுழைந்ததை எண்ணிப் பாருங்கள். எலியின் கர்ப்பகாலம் 19 முதல் 21 நாள். முன்னோடி செல்கள் தைமஸுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 11, 12ஆம் நாளில். பக்குவமான டி செல்கள் வெளியேறத் தொடங்குவதோ பிறப்பை ஒட்டித்தான். முதல் டி செல் சோதனைக்கு வருவதற்குள் வைரஸ் தைமஸில் குடியேறிவிட்டால், வைரஸ் புரதமும் ஈரல் புரதம்போலச் சோதனைப் பட்டியலில் சேர்ந்துவிடும். வைரஸைப் பிடிக்கும் டி செல்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்படும். எஞ்சி வெளியே வரும் படையில் இந்த வைரஸைக் கண்டுகொள்ளும் செல் இராது. மற்றக் கிருமிகளை எதிர்க்கும் திறன் பெரிதும் அப்படியே இருக்கும், இந்த ஒன்றை மட்டும் தாக்காது. தடுப்பாற்றல் சகிப்பு என்பது இதுதான். எதிர்ப்பாற்றல் குறைந்துபோவது வேறு, இது வேறு.

பிறந்த குட்டிக்குப் போட்டாலும் இதே நிலை ஏற்படுவதற்குக் காரணம், எலி மிக முதிராத நிலையில் பிறக்கிறது என்பதே. பிறந்த அன்று அதன் மண்ணீரலில் டி செல்கள் இல்லையென்றே சொல்லலாம். ஆய்வகத்தில் வாழ்நாள் தொற்றுள்ள எலிகளை உருவாக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் சுமார் 1,000 தொற்று அலகு வைரஸ் கொடுத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று வீரோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரக செல்கள்) வளர்த்துப் பார்ப்பார்கள். இங்கே தவறுவது பெரும்பாலும் நேரக் கணக்குதான். இரவில் பிறந்த குட்டிகளைக் காலையில் பார்த்து, மறுநாள் ஊசி போட்டால் சில குட்டிகள் டி செல் எதிர்ப்பில் சாகும், சில வைரஸைத் துரத்திவிடும், சில மட்டும் வாழ்நாள் தொற்றாகும். ஒரே ஈற்றில் மூன்று விளைவு வந்தால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. இன்னொரு கோளாறு தாயால் வருவது. தாய் எலி முன்பே இந்த வைரஸை வென்று ஆன்டிபாடி (கிருமியோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) வைத்திருந்தால், நஞ்சுக்கொடி வழியாகவும் பாலிலும் அது குட்டிக்குப் போய்ச் சேர்ந்து தொற்றையே தடுத்துவிடும்.

இரட்டைக் கன்று சொன்ன செய்தி

கோத்தகிரி, கேத்திப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரிக் கன்று பெரும்பாலும் சினை பிடிக்காது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடுதான். இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி இரத்தக்குழாய்கள் வயிற்றுக்குள் இணைந்துபோவதும், காளைக் கன்றின் ஹார்மோன்கள் கிடாரிக்குள் போய்விடுவதும் காரணம்.

ஹார்மோன் மட்டும் போவதில்லை, இரத்த செல்களும் போகின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன் 1945இல் இதைக் கண்டார். தோற்றத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரட்டைகள்கூட, வளர்ந்த பிறகும் தம் உடலில் இரண்டு வகை இரத்த அணுக்களை வைத்திருந்தன. அடுத்தவரின் இரத்தத்தை உடல் ஏற்காது என்பது அப்போதே நன்கு தெரிந்த விஷயம். அப்படியிருக்க ஆண்டுக்கணக்கில் எப்படி ஏற்றுக்கொண்டது?

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் எரிக் டிராப் தன் எலிக் கூட்டத்தில் எல்.சி.எம். வைரஸ் பரவியிருப்பதைக் கண்டு தொடர்ந்து கவனித்துவந்தார். கருவில் தொற்றிய குட்டிகள் நோயின்றி வளர்ந்து, வாழ்நாள் முழுக்க வைரஸைச் சுமந்தன. மாட்டிரட்டை ஒரு பக்கம், எலி ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட்டும் ஃபிராங்க் ஃபென்னரும். கருவில் அறிமுகமானதை உடல் பிற்பாடு தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும் என்று 1949இல் எழுதினார்கள்.

எழுதியதைச் சோதித்துக் காட்டியது பீட்டர் மெடவார் குழு. 15, 16 நாள் கருவாக இருந்த எலிகளுக்கு வேறொரு இன எலியின் செல்களை ஊசியால் செலுத்தினார்கள். அவை பிறந்து வளர்ந்ததும் அந்த வேற்றினத் தோலை ஒட்டவைத்தார்கள். சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு நாளில் கருகி உதிரவேண்டிய தோல், சில எலிகளில் அப்படியே ஒட்டி முடி முளைத்தது. இது 1953. பர்னெட்டுக்கும் மெடவாருக்கும் 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. டிராப் பார்த்த எலிகள் இல்லாவிட்டால் இந்தக் கதைக்குத் தொடக்கமே இல்லை. அவர் பெயரைப் பாடநூல்கள் பாதி வரியில் கடந்துவிடுவது எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை.

முழுச் சகிப்பு அல்ல

இதுவரை சொன்னது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பர்னெட் நினைத்த அளவுக்கு விஷயம் சுத்தமாக இல்லை.

வாழ்நாள் தொற்றுள்ள எலிகளில் ஆன்டிபாடியே கிடையாது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள், காரணம் இரத்தத்தில் தேடினால் கிடைக்கவில்லை. 1960களின் இறுதியில் மைக்கேல் ஓல்ட்ஸ்டோனும் ஃபிராங்க் டிக்சனும் தேடும் இடத்தை மாற்றினார்கள். வயதான தொற்று எலிகளின் சிறுநீரகத்தை எடுத்து, அங்கே படிந்திருந்த புரதத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், அது எல்.சி.எம். வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி. எலி ஆன்டிபாடி செய்துகொண்டுதான் இருந்தது. இரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருந்ததால் உற்பத்தியான ஆன்டிபாடி உடனே வைரஸோடு ஒட்டிக்கொண்டது, தனியாக மிதக்கும் ஆன்டிபாடி எஞ்சவில்லை. அந்த ஒட்டுத் திரள்கள் சிறுநீரகத்தின் வடிகட்டித் தந்துகிகளில் படிந்து, மாதக்கணக்கில் சிறுநீரகத்தை அரித்தன. இளமையில் நலமாகத் தெரிந்த எலி முதுமையில் சிறுநீரக நோயால் சாவதன் காரணம் இதுதான். எந்த அளவுக்கு அரிக்கும் என்பது எலியின் இனத்தைப் பொறுத்தது. சில இனங்களில் கடுமை, சிலவற்றில் மிகக் குறைவு.

அதாவது சகிப்பு டி செல்கள் பக்கத்தில்தான் ஆழமாக இருந்தது. ஆன்டிபாடி செய்யும் பி செல்கள் பக்கத்தில் அரைகுறை. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இரத்தத்தில் ஆன்டிபாடி இல்லை என்ற சோதனை முடிவு, தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. தொற்று மிதமிஞ்சி இருப்பதாலும் அந்த முடிவு வரலாம்.

வைரஸ் செல்லை உடைக்காததால் தீங்கே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். சி3எச் என்ற இனத்துக் குட்டிகளில் வைரஸ், பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் செல்களுக்குள் புகுந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் நல்ல நிலையில் தெரியும், அழற்சியும் இராது. ஆனால் ஹார்மோன் குறைந்து, குட்டி வளராமல் குன்றிப்போகும். செல் உயிரோடிருக்கிறது, தன் வேலையை மட்டும் செய்வதில்லை.

சகிப்பைக் கலைக்க முடியுமா? முடியும். இதே வைரஸை வென்று தேறிய எலியிடமிருந்து, அந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவு டி செல்களை எடுத்து, அதே இனத்துத் தொற்று எலிக்குச் செலுத்தினால், சில வாரங்களில் இரத்தமும் ஈரலும் சுத்தமாகும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் மாதக்கணக்கில் ஆகும். மெடவார் எலிகளிலும் இதேதான் நடந்தது. வெளியிலிருந்து டி செல் வந்ததும், அதுவரை ஒட்டியிருந்த தோல் உதிர்ந்தது. அதைவிட வியப்பானது பிறகு தெரியவந்தது. வைரஸ் ஒழிந்த அந்த எலியின் சொந்தத் தைமஸ், வைரஸைப் பிடிக்கும் புது டி செல்களை வெளியே விடத் தொடங்கியது. அதாவது தைமஸ் கெட்டுப்போகவில்லை. வைரஸ் அங்கே இருந்தவரை ஒவ்வொரு நாளும் புதிதாக அழித்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. சகிப்பு நீடிக்க, சகித்துக்கொள்ளப்படும் பொருள் அங்கேயே இருந்தாகவேண்டும்.

படிக்கும் மாணவர்கள் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். பெரிய எலிக்கு, எல்.சி.எம். வைரஸிலேயே குளோன் 13 என்ற வகையை இரத்தத்தில் அதிக அளவில், இருபது லட்சம் அலகு வரை, செலுத்தினாலும் தொற்று மாதக்கணக்கில் நீடிக்கும். இது சகிப்பு அல்ல, சோர்வு. அங்கே டி செல்கள் உருவாயின, போரிட்டன, ஓயாத தூண்டலில் களைத்து முடங்கின. அவற்றின் மேல் பி.டி.-1 என்ற தடைக் குமிழ் ஏறியிருக்கும். அதை மறித்தால் மறுபடி ஓரளவு எழும் என்று 2006இல் இந்த வைரஸைக் கொண்டுதான் காட்டினார்கள். இன்று புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில ஊசி மருந்துகள் இதே பி.டி.-1 தடையைத்தான் மறிக்கின்றன. கருவில் தொற்றிய எலியில் பி.டி.-1ஐ மறித்துப் பெரிய பயன் இல்லை, எழுப்புவதற்கு அங்கே செல்லே இல்லை.

தொழுவத்தில் இதே கதை

எலியில் படித்ததை நீலகிரி விவசாயி பயன்படுத்த வேண்டிய இடம் பி.வி.டி. எனப்படும் மாட்டுக் கழிச்சல் வைரஸ். இந்தியக் கால்நடைகளிலும் இது பதிவாகியுள்ளது. வளர்ந்த மாட்டுக்கு வந்தால் லேசான காய்ச்சல், கழிச்சல், கொஞ்ச நாள் பால் குறைவு. இரண்டு மூன்று வாரத்தில் ஆன்டிபாடி வந்து வைரஸ் போய்விடும். சினை மாட்டுக்கு வந்தால்தான் வினை.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். இதில் எந்த நாளில் வைரஸ் கருவை அடைகிறது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தொடக்கத்திலேயே தொற்றினால் கரு கலைந்து, மாடு திரும்பவும் பருவத்துக்கு வரும். சினை ஊசி நிற்கவில்லை என்று நாம் விந்துக்குச்சியைக் குறை சொல்வோம். சுமார் 40 முதல் 120 நாளுக்குள் தொற்றி, கரு பிழைத்தால், பிறப்பது வாழ்நாள் தொற்றுக் கன்று. டிராப்பின் எலி மாட்டு உருவில். 100 முதல் 150 நாள் வாக்கில் தொற்றினால் சிறுமூளை வளராமல், நிற்கத் தள்ளாடும் கன்றும் குருட்டுக் கன்றும் வரும். 150 நாளுக்குப் பிறகு பெரும்பாலான கன்றுகள் கருவிலேயே ஆன்டிபாடி செய்து வைரஸை வென்று நலமாகப் பிறக்கும். எந்த மாதத்திலும் கன்று வீசவும் செய்யலாம்.

வாழ்நாள் தொற்றுக் கன்று சில சமயம் நோஞ்சானாக இருக்கும், சில சமயம் தொழுவத்திலேயே கொழுகொழுவென்று இருக்கும். பார்த்துச் சொல்ல முடியாது. எச்சில், மூக்குச்சளி, சிறுநீர், பால் எல்லாவற்றிலும் நாள்தோறும் வைரஸைக் கொட்டும். பக்கத்தில் கட்டிய சினை மாட்டுக்கு அது போய்ச் சேர, அங்கே அடுத்த வாழ்நாள் தொற்றுக் கன்று உருவாகும். நோய் பரவியுள்ள நாடுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மாடுகள்தான் இப்படி இருக்கின்றன. அந்த ஒன்றிரண்டே நோயைத் தொடர்ந்து வாழவைக்கின்றன. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள், உள்ளிருக்கும் வைரஸே உருமாறி செல் உடைக்கும் வகையாகிவிடும். அதை எதிர்க்கவும் மாட்டிடம் ஒன்றும் இல்லை. வாயெல்லாம் புண், நிற்காத கழிச்சல், சில நாளிலோ இரண்டு வாரத்திலோ சாவு.

இங்கேதான் சோதனை ஏமாற்றும். இரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் எலைசா சோதனை செய்தால் நோயை வென்ற நல்ல மாடு பாசிட்டிவ் என்று வரும், தொழுவத்தையே கெடுக்கும் மாடு நெகட்டிவ் என்று வரும். காகிதத்தைப் பார்த்து நல்ல மாட்டை விற்றுவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்வார்கள். கேட்க வேண்டியது ஆன்டிஜன் சோதனை, அதாவது வைரஸின் புரதத்தையே தேடுவது.

அதற்குச் சிறந்த மாதிரி காதுத் தோல். கால்நடை மருத்துவர் காதின் ஓரத்தைத் துடைத்து, வெட்டும் இடுக்கியால் அரை சென்டிமீட்டர் அளவு துண்டு எடுப்பார். ஒரு சொட்டு இரத்தம் வரும், கன்று ஒருமுறை தலையை உதறும், அவ்வளவுதான். துண்டைத் தனிக் குழாயில் போட்டு, 12 இலக்கக் காது வில்லை எண்ணை அப்போதே எழுதி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போடக்கூடாது. ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் இடையில் இடுக்கியைக் கிருமிநாசினியில் கழுவி, கையுறையை மாற்ற வேண்டும். வாழ்நாள் தொற்று மாட்டின் தோலில் வைரஸ் மிகுதி, இடுக்கியில் ஒட்டிய சிறு துணுக்கே அடுத்த குழாயைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். கன்றுக்கு இரத்தத்தைவிடத் தோல் நல்லது. சீம்பாலில் வந்த தாயின் ஆன்டிபாடி இரத்தத்திலுள்ள வைரஸ் புரதத்தை முதல் சில மாதம் மூடி மறைத்துவிடும், தோலில் அந்த மறைப்பு குறைவு. பாசிட்டிவ் வந்தால் அவசரப்பட வேண்டாம். தனியாகக் கட்டி, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தற்காலிகத் தொற்று என்றால் இரண்டாம் முறை போயிருக்கும். இரண்டு முறையும் பாசிட்டிவ் என்றால் அது வாழ்நாள் தொற்று. சிகிச்சை கிடையாது. அதைச் சந்தையில் தள்ளிவிடுவது அடுத்தவர் தொழுவத்துக்கு நோயை விற்பதாகும்.

சமவெளிச் சந்தையில் சினை மாடு வாங்கி மலைக்குக் கொண்டுவருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாடு ஆன்டிஜன் சோதனையில் நெகட்டிவ் என்று சுத்தமாக வரும். வயிற்றில் இருக்கும் கன்று வாழ்நாள் தொற்றாக இருக்கலாம். ஆகவே புது மாட்டை மூன்று நான்கு வாரம் தனியாகக் கட்டினால் மட்டும் போதாது. அது ஈனும்போது, மற்ற சினை மாடுகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, கன்றின் காதையும் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும். சுவிட்சர்லாந்து 2008இல் நாடு முழுக்க மாடுகளைச் சோதித்தும், ஜெர்மனி 2011 முதல் புதுக் கன்றுகளின் காதுத் தோலைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கியும் இந்த நோயை ஒடுக்கின. தனி ஒருவர் தொழுவத்திலும் முறை அதுவேதான்.

செம்மறியில் இதன் உறவு வைரஸ் ஒன்று உண்டு, பார்டர் நோய் என்பார்கள். ஆட்டின் சினைக்காலம் 150 நாள். முதல் 60, 80 நாளுக்குள் கருவைத் தொற்றினால் கம்பளி முடி முரடாகி, உடல் நடுங்கும் குட்டிகள் பிறக்கும். சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் போலக் கம்பளிக்காக ஆடு வளர்க்கும் இடங்களில் படிக்க வருபவர்கள் இதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

இதே மாட்டு வைரஸ் தடுப்பூசிக் கூடத்துக்கும் தொல்லை. செல் வளர்ப்புக்குக் கருக்கன்றின் இரத்தநீர் சேர்ப்பது வழக்கம். பல கருக்கன்றுகளின் இரத்தநீரை ஒன்றாகக் கலந்துதான் புட்டியில் அடைப்பார்கள். அவற்றில் ஒன்று வாழ்நாள் தொற்றாக இருந்தால் புட்டி முழுக்க வைரஸ், அதில் வளரும் செல்லிலும் வைரஸ், செல் உடையாததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் இரத்தநீரைக் காமா கதிர் பாய்ச்சிச் சோதித்த பிறகே பயன்படுத்துகிறார்கள். 1907 முதல் பாஸ்டியர் நிறுவனம் இயங்கிவரும் குன்னூரில் இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு இது முதல் பாடமாக இருக்கட்டும். எலிக்கூடத்திலும் அப்படியே. தொற்று எலியின் இரத்தத்தில் ஆன்டிபாடி தேடினால் கிடைக்காமல் போகலாம். அதனால் சுத்தமான பெரிய எலிகளைச் சந்தேகக் கூண்டின் பழைய படுக்கைத் தூளில் சில வாரம் விட்டு, அவற்றுக்கு ஆன்டிபாடி வருகிறதா என்று பார்ப்பார்கள். அல்லது மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை மூலம் வைரஸையே தேடுவார்கள்.

மனிதக் கரு

மனிதக் கருவில் கணக்கு மாறுகிறது. நம் டி செல்கள் எலியைவிட மிக முன்னதாக, நான்காம் மாதத்திலேயே இரத்தத்தில் வந்துவிடும். அதனால் கர்ப்பிணிக்கு எல்.சி.எம். தொற்றினால் குழந்தை நோயற்ற சுமப்பாளராகப் பிறப்பதில்லை. மூளையும் விழித்திரையும் பாதிக்கப்படும், தலையில் நீர் கோக்கலாம். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் காய்ச்சல், தலைவலியோடு போகும். எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கிவைத்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்து: அமெரிக்காவில் 2005இல் ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற நால்வருக்கு இது தொற்றி மூவர் இறந்தனர். கொடையாளர் வீட்டில் வளர்ந்த ஹாம்ஸ்டர் என்னும் வெள்ளெலி வகைப் பிராணியிடமிருந்து வந்தது.

ஜூன், ஜூலை மழையில் சுண்டெலிகள் வீட்டுக்குள்ளும் கிழங்கு, கேரட் அடுக்கிய அறைக்குள்ளும் புகும். எலிக்காய்ச்சல் உட்பட எலியால் வரும் எல்லா நோய்க்கும் பொதுவான முறை இது: புழுக்கையை உலர்ந்தபடி கூட்டக்கூடாது, தூசியாக மூச்சில் ஏறும். அரை மணி நேரம் கதவு ஜன்னலைத் திறந்துவையுங்கள். 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை லிட்டருக்கு 17 கிராம் கரைத்து, தெளிந்த நீரைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

பிறக்கும்போது வரும் தொற்று நீடித்துவிடுவதற்கு மனிதரில் நெருங்கிய உதாரணம் ஹெபடைடிஸ் பி. பெரியவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே அது நிலைத்துவிடும். பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நிலைத்துவிடும். பல பத்தாண்டுக்கு ஈரல் அமைதியாகவே இருக்கும், பிறகு ஈரல் சுருக்கமும் புற்றும் வரலாம். எலியைப்போல இதுவும் டி செல் முழுதாக அழிந்த சகிப்பு என்று சொல்லிவிட முடியாது, சோர்வும் கலந்திருக்கிறது. ஆனால் வயது என்ற ஒன்றே விளைவைத் தலைகீழாக்குவது அதே பாடம்.

ஆகவேதான் அரசு அட்டவணையில் ஹெபடைடிஸ் பி பிறப்புத் தவணை, 0.5 மில்லி, தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில், பிறந்த 24 மணி நேரத்துக்குள் என்று இருக்கிறது. தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்திருந்தால் குழந்தையின் மற்றொரு தொடையில் ஆன்டிபாடி ஊசியும் போடுவார்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் தாய் சேய் அட்டையை எடுத்து, அந்தத் தவணைக் கட்டத்தில் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் அங்கேயே நர்ஸிடம் கேளுங்கள். எஸ்டேட் லயத்திலோ வழியிலோ பிரசவமாகி நேரம் தவறிப்போயிருந்தால், ஹெபடைடிஸ் பி மருந்தும் சேர்ந்துள்ள ஆறாம் வாரப் பென்டாவேலன்ட் ஊசியை ஒரு நாளும் தள்ளிப்போடாமல் போட்டு, 10, 14ஆம் வாரத் தவணைகளையும் முடித்துவிடுங்கள்.